பழைய ஒளிப்படங்களில் படைவீரர் பதக்க நாடாக்கள்: அடையாளங்காணும் முறையும் சான்று மதிப்பும்

முன்னுரை

ஊரார் ‘பட்டாளத்தார் வீடு’ எனச் சுட்டும் இல்லங்கள் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளன. அவ்வில்லங்களின் கூடத்துச் சுவரில் சீருடை அணிந்த ஒருவரின் பழைய ஒளிப்படம் தொங்குதல் இயல்பு. படத்திலுள்ளவர் எந்தப் படைப்பிரிவினர், எந்தப் போர்முனையில் பணியாற்றினார், எப்போது ஊர் திரும்பினார் என்னும் வினாக்களுக்கு மூன்றாம் தலைமுறையினரிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. பணிச்சான்றிதழ் செல்லரித்திருக்கும், வெள்ளிப் பதக்கம் ஏதோவொரு நெருக்கடியில் விற்கப்பட்டிருக்கும். எஞ்சி நிற்பது படமும், அதில் இடப்பக்க மார்பின்மேல் தெரியும் சில சிறு பட்டைகளுமே.

அப்பட்டைகளே பதக்க நாடாக்கள். வட்டார வரலாறு எழுதுவோர் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துமிடத்தும் ‘வீரப் பதக்கங்கள் பல பெற்றவர்’ என்னும் ஒற்றைத் தொடரால் கடந்துவிடுகின்றனர். முறையாகப் படிக்கப்பெறின், இந்நாடா வரிசை வீரர் பணியாற்றிய களத்தையும், படம் எடுக்கப்பட்ட காலத்தின் மேல் எல்லையையும் உறுதியாகக் காட்டவல்ல ஆவணமாகும். அதேபோல் அது சொல்லாதவை எவை என்பதும் வரையறுக்கத்தக்கது. பிரித்தானிய இந்தியப் படையிலும் விடுதலை பெற்ற இந்தியாவின் தொடக்கக்காலப் படையிலும் பணியாற்றியோரின் ஒளிப்படங்களில் காணப்படும் நாடாக்களை அடையாளங்காணும் நெறியையும், அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பதக்கமும் நாடாவும்

பதக்கம் என்பது உலோக வில்லையும் அதனைத் தாங்கும் நாடாவும் சேர்ந்தது. விழாக்காலங்களில் மட்டுமே முழுப் பதக்கமும் அணியப்படும். நாள்தோறும் அணியும் சீருடையில் நாடாவின் சிறு துண்டுகள் மட்டும் ஒரு பட்டையில் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பதக்கத்திற்கும் தனி வண்ணக்கோடுகளைக் கொண்ட நாடா உண்டு. பெரும்பாலான நாடாக்களின் அகலம் 32 மில்லிமீட்டர் அளவினது. ஆகவே நாடாத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பதக்கத்தின் பெயரைக் குறிக்கும் எழுத்தைப் போன்றது எனலாம்.

நாடாவே பதக்கத்திற்கு ஈடாக நின்றமைக்குப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றருகே நடந்த போரில் சாம் மானெக்சா வயிற்றில் குண்டடிபட்டுக் கிடந்தபோது, கோவன் தம் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவை எடுத்து அவர்மேல் குத்தினார் என்பர். இறந்தவர்க்கு அவ்விருது அந்நாளில் வழங்கப்படுவதில்லை என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வெள்ளை, ஊதா, வெள்ளை என மூன்று பட்டைகள் கொண்ட அச்சிறு துணித் துண்டு ஓர் அரசாணைக்கு நிகரான பொருளை ஏற்றிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

நாடாக்களின் வரிசையும் விதிக்கு உட்பட்டது. மார்பின் நடுப்பகுதிக்கு அண்மையிலுள்ள நாடாவே முதன்மையானது. படத்தைப் பார்ப்பவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். வரிசை ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் மேல்வரிசை முந்தையது. வீரச்செயலுக்கான விருதுகள் முதலிலும், போர்ப்பணிப் பதக்கங்கள் அவற்றை அடுத்துக் கால வரிசையிலும் அமையும்.

2. கருப்பு வெள்ளைப் படத்தில் வண்ணம்

நாடாவின் அடையாளம் வண்ணத்தில் உள்ளது. பழைய படத்திலோ வண்ணம் இல்லை. இதுவே ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல். இச்சிக்கலைக் கடக்க அக்காலத்து ஒளிப்படத் தகடுகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகுதியாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமேட்டிக் வகைத் தகடுகளும் ஃபிலிம்களும் சிவப்பொளியை உணரா. எனவே சிவப்பு நிறம் அச்சுப்படத்தில் கருமையாகத் தோன்றும். நீலம் வெளிறித் தோன்றும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் வகை பின்னர்ப் பரவியது. அதில் சிவப்பு இடைநிலைச் சாம்பல் நிறமாகவும், அடர்நீலம் கருமையாகவும் பதிவாகும். இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டே கழுவ முடிந்தமையால் ஆர்த்தோகுரோமேட்டிக் வகை ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் நீடித்தது. ஆதலின் படத்தின் காலத்தைக் கொண்டு மட்டும் ஃபிலிம் வகையை முடிவு செய்தல் பொருந்தாது. ஒரே நாடா இருவகைப் படங்களில் ஒன்றற்கொன்று மாறான தோற்றம் தரும் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்நிலையில் உறுதியான பிடிப்பாக அமைவன வெள்ளைக் கோடுகளும் கருப்புக் கோடுகளுமே. இவை எவ்வகை ஃபிலிமிலும் மாறுவதில்லை. எனவே அடையாளங்காணும் பணியைப் பின்வரும் வரிசையில் மேற்கொள்ளுதல் நன்று. முதலில் வெள்ளை, கருப்புக் கோடுகளின் இடத்தைக் குறித்தல். அடுத்து நாடா இருபக்கமும் ஒத்த அமைப்புடையதா, ஒவ்வாத அமைப்புடையதா எனக் காணுதல். பின்னர்க் கோடுகளின் எண்ணிக்கையையும் அகல விகிதத்தையும் அளத்தல். இறுதியிலேயே சாம்பல் நிறத்தின் அடர்வைக் கொண்டு வண்ணத்தை ஊகித்தல். பலர் இந்த இறுதிப் படியையே முதற்படியாகக் கொள்வதால் பிழை நேர்கிறது.

இன்னொரு சிக்கல் இடவல மாற்றம். நெகட்டிவை மறுபுறமாக வைத்து அச்சிட்டால் வரிசை தலைகீழாகும். ஒவ்வாத அமைப்புடைய நாடாக்களின் கோடுகளும் இடம் மாறும். பதக்கங்கள் வலப்பக்க மார்பில் தோன்றுமாயின் இதனை ஐயுற வேண்டும். தொப்பிச் சின்னத்திலும் தோள்பட்டை உலோக எழுத்திலும் எழுத்துகள் நேராக உள்ளனவா எனப் பார்த்தால் ஐயம் நீங்கும். எழுத்துகள் நேராக இருந்தும் பதக்கங்கள் வலப்பக்கம் இருந்தால், இறந்த உறவினரின் பதக்கங்களை ஒருவர் அணிந்துள்ளார் எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு அணிவோர் வலப்பக்கத்தில் அணிவது மரபு.

ஸ்டூடியோக்களில் கையால் வண்ணம் தீட்டப்பெற்ற படங்களும், அண்மைக்காலத்தில் கணினி மென்பொருள் வண்ணமேற்றிய படங்களும் தனி எச்சரிக்கைக்கு உரியன. முன்னதில் வண்ணம் தீட்டியவரின் கற்பனை உண்டு. பின்னதில் மென்பொருளின் ஊகம் உண்டு. இரண்டும் நாடாவின் வண்ணத்திற்குச் சான்றாகா. மூலப்படத்தையே ஆய்வுக்குக் கொள்ளுதல் வேண்டும்.

3. முதல் உலகப்போர் நாடாக்கள்

முதல் உலகப்போரில் பணியாற்றிய இந்திய வீரர் படங்களில் மிகுதியும் காணப்படுவன மூன்று நாடாக்கள். முதலாவது 1914 அல்லது 1914-15 நட்சத்திரத்திற்கு உரியது. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்து மங்கும் வகையில் நெய்யப்பட்டது. இதில் சிவப்பு மார்பின் நடுவை நோக்கி அமையும். ஆர்த்தோகுரோமேட்டிக் படத்தில் இது இருளிலிருந்து வெளிச்சத்திற்கு நகர்வதுபோலத் தோன்றும். இரண்டாவது பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் நாடா. நடுவில் அகன்ற ஆரஞ்சுப் பட்டை, அதன் இருமருங்கும் முறையே வெள்ளை, கருப்புக் கோடுகள், ஓரங்களில் நீலம். வெள்ளையும் கருப்பும் அடுத்தடுத்து வருவதால் மங்கிய படத்திலும் இதனைக் கண்டறியலாம். மூன்றாவது வெற்றிப் பதக்கத்தின் நாடா. நடுவில் சிவப்பும் ஓரங்களில் ஊதாவுமாக இரு வானவில்கள் இணைந்த அமைப்பு இது. தெளிவான கோடுகளின்றி நிறங்கள் ஒன்றிலொன்று கரைவதே இதன் அடையாளம்.

இம்மூன்றையும் பிணைக்கும் விதி ஆய்வாளருக்குப் பெருந்துணையாகும். நட்சத்திரம் பெற்றவர் மற்ற இரண்டையும் பெற்றிருப்பார். வெற்றிப் பதக்கம் பெற்றவர் பிரித்தானியப் போர்ப் பதக்கமும் பெற்றிருப்பார். பிரித்தானியப் போர்ப் பதக்கம் மட்டும் தனியே வழங்கப்படுதல் உண்டு. எனவே மூன்று நாடாக்களுள் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே மற்றவற்றை ஓரளவு உய்த்துணரலாம்.

நாடாக்களின் எண்ணிக்கையும் செய்தி தருவது. 1914-15 நட்சத்திரம் 1915 டிசம்பர் 31க்குள் ஏதேனும் ஒரு போர்க்களத்துள் நுழைந்தவர்க்கு உரியது. ஆகவே நட்சத்திரமின்றி மற்ற இரு நாடாக்கள் மட்டும் காணப்பட்டால் அவ்வீரர் 1916 அல்லது அதற்குப் பின்னரே போர்க்களம் சென்றவர் எனலாம். இந்தியப் படையினர் மிகுதியாக அனுப்பப்பட்ட மெசபடோமியக் களம் முதலில் நினைவுக்கு வரலாம். எனினும் களம் எது என்பதை நாடா மட்டும் உறுதிசெய்யாது.

1914 நட்சத்திரத்திற்கும் 1914-15 நட்சத்திரத்திற்கும் நாடா ஒன்றே. முன்னது 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரை பிரான்சு, பெல்ஜியம் பகுதிகளில் பணியாற்றியவர்க்கு மட்டுமே உரியது. அவர்களுள் எதிரியின் சுடுதலுக்கு உட்பட்டோர் நாடாவின்மேல் சிறு வெள்ளி மலர்க்குறி அணிந்தனர். இந்தியப் படையணி 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. மாறாக, 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காப் போரில் ஈடுபட்டது. அப்போரில் நின்ற ஒருவர் 1914ஆம் ஆண்டிலேயே களங்கண்டவராயினும் அவர்க்குரியது 1914-15 நட்சத்திரமே. படத்தில் நாடா ஒன்றாகவே தோன்றும். படைப்பிரிவை அறியாது ‘1914 நட்சத்திரம் பெற்றவர்’ என எழுதுவது அவரை அவர் காணாத பிரான்சு நாட்டிற்கு அனுப்பிவிடும்.

இன்னொரு வேறுபாடும் நாடாவில் புலப்படாது. போர்வீரர்க்கு வெள்ளியில் வழங்கப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கம் இந்தியத் தொழிலாளர் படையினர் உள்ளிட்டோர்க்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. நாடா இருவர்க்கும் ஒன்றே. துப்பாக்கி ஏந்தியவரையும் சுமை சுமந்தவரையும் உலோகத்தால் பிரித்த அரசு நாடாவால் பிரிக்கவில்லை.

4. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலம்

1908ஆம் ஆண்டின் இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்தின் நாடா பச்சை நிறமுடையது. நடுவில் அகன்ற அடர்நீலப் பட்டை உண்டு. வடமேற்கு எல்லைப்புறப் போர்கள் முதலிய பல நடவடிக்கைகளுக்கு இவ்வொரு பதக்கமே வழங்கப்பட்டது. எந்த நடவடிக்கை என்பதை நாடாவின்மேல் பொருத்தப்படும் உலோகப் பட்டை மட்டுமே சுட்டும். ‘மலபார் 1921-22’ என்னும் பட்டையும் அவற்றுள் ஒன்று. ஆகவே இந்நாடாவைக் கண்டவுடன் கைபர் கணவாயை நினைப்பதற்கு மாறாக, மலபார்க் கிளர்ச்சியை ஒடுக்கச் சென்ற படையிலும் அவர் இருந்திருக்கலாம் என்பதைக் கருத வேண்டும்.

இங்கு நாடாவின் இடம் துணைசெய்கிறது. போர்ப்பணிப் பதக்கங்கள் பணியாற்றிய கால வரிசையில் அணியப்படுவதால், பச்சை நீல நாடா 1914-15 நட்சத்திரத்திற்கு முன் அமைந்தால் அது முதல் உலகப்போருக்கு முந்தைய பணி. வெற்றிப் பதக்க நாடாவிற்குப் பின் அமைந்தால் 1919க்குரிய ஆப்கானியப் போர், மலபார், வசீரிஸ்தான் முதலிய பிந்தைய பணி. வண்ணம் விடைதராத வினாவிற்கு வரிசை விடைதருகிறது.

சென்னை மாகாணக் காலாட்படை இக்காலத்தில் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1920களின் இறுதியில் முற்றிலும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. எனவே 1930களில் இப்பகுதி வீரர் ஒருவர் இந்நாடா அணிந்து காணப்பட்டால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளையும் ஓய்வுபெற்றோரையும் முதலில் நோக்குதல் பொருத்தமாகும்.

5. இரண்டாம் உலகப்போர் நாடாக்கள்

இரண்டாம் உலகப்போரில் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். இன்று இல்லங்களில் எஞ்சியுள்ள படங்களுள் இக்காலத்தன மிகுதி. 1939-45 நட்சத்திரத்தின் நாடா அடர்நீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம பட்டைகள் கொண்டது. இவை முறையே கடற்படை, தரைப்படை, வான்படை ஆகியவற்றைக் குறிப்பன. அடர்நீலம் மார்பின் நடுவை நோக்கி அமையும். ஆப்பிரிக்க நட்சத்திரத்தின் நாடா மணல் நிறமுடையது. நடுவில் சிவப்புப் பட்டையும், ஒருபுறம் மெல்லிய அடர்நீலக் கோடும் மறுபுறம் வெளிர்நீலக் கோடும் உண்டு. இத்தாலி நட்சத்திரம் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என ஐந்து சம பட்டைகள் கொண்டது. இரு வெள்ளைப் பட்டைகளால் எளிதில் புலப்படும்.

பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் நடுவில் அகன்ற சிவப்பும் இருமருங்கும் அடர்நீலமும் உள்ளன; ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஓர் ஆரஞ்சுக் கோடு செல்லும். பான்குரோமேட்டிக் படத்தில் இருண்ட பரப்பில் இரு வெளிர்கோடுகளாக இது காணப்படும். பசிபிக் நட்சத்திரத்தின் நாடா பச்சை நிறத்தில் நடுவே ஒரு மஞ்சள் கோடு உடையது. இருகோடா, நடுக்கோடா என்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி. மலேயாவில் போரிட்டு 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்திய வீரர்க்கு உரியது பசிபிக் நட்சத்திரம். இவ்விரண்டையும் ஒருவர் சேர்த்து அணிதல் விதிப்படி இல்லை. முதலில் ஈட்டியதை அணிந்து, மற்றதை நாடாவின்மேல் மலர்க்குறியால் காட்டுவர். இரண்டும் ஒரே மார்பில் இருப்பதாகப் படித்தால் அப்படிப்பு மறுபரிசீலனைக்கு உரியது.

பர்மா நட்சத்திரம் பர்மா நாட்டிற்குள் சென்றவர்க்கு மட்டும் உரியதன்று. வங்காளம், அசாம் பகுதிகளில் வரையறுக்கப்பட்ட காலத்துப் பணிக்கும் அது வழங்கப்பட்டது. ஆகவே அந்நாடாவைக் கொண்டு ‘பர்மாவில் போரிட்டவர்’ என எழுதுவதினும் ‘பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர்’ என எழுதுவதே தகும்.

போர்ப் பதக்கம் 1939-45 எவ்விடத்தும் 28 நாள் முழுநேரப் பணியாற்றியவர்க்கு உரியது. இந்தியப் பணிப் பதக்கம் இந்தியாவிற்குள் போர்க்களம் சாராத மூன்றாண்டுப் பணிக்கு வழங்கப்பட்டது. அதன் நாடாவில் அடர்நீலமும் வெளிர்நீலமும் மாறிமாறி வரும். இவ்விரண்டு மட்டும் அணிந்தவர் பயிற்சி முகாம், பண்டகசாலை, அலுவலகம் போன்ற இடங்களில் பணியாற்றியவராதல் கூடும். பெரும் படையொன்று அத்தகையோர் உழைப்பின்றி நடந்ததில்லை என்பதால், இவ்விரு நாடாக்களும் வரலாற்றெழுத்தில் குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல.

படைப்பிரிவு தெரிந்தவிடத்து, எதிர்பார்க்கத்தக்க வரிசையை முன்னரே வகுத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிடலாம். சான்றாக, மதராஸ் சாப்பர்ஸின் 12ஆம் களக் கம்பெனி 4ஆம் இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் எரித்திரியா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி ஆகிய களங்களில் போரிட்டது. போர் முழுவதும் அதில் இருந்தவர் மார்பில் 1939-45, ஆப்பிரிக்கா, இத்தாலி ஆகிய நட்சத்திரங்களும் போர்ப் பதக்கமும் இருத்தல் வேண்டும். இத்தாலி நாடா இல்லையேல் அவர் இடையில் பிரிந்தவர், அல்லது படம் அந்நாடா வருவதற்கு முன் எடுக்கப்பட்டது என இரு முடிவுகளுக்கு இடமுண்டு.

6. நாடா வழிக் காலக்கணிப்பு

பதக்கம் நிறுவப்படுவதற்கு முன் அதன் நாடாவை ஒருவர் அணிந்திருக்க இயலாது. எனவே நிறுவிய நாள் படத்தின் மேல் எல்லையாகும். 1914 நட்சத்திரம் 1917 ஏப்ரலிலும், 1914-15 நட்சத்திரம் 1918 டிசம்பரிலும், பிரித்தானியப் போர்ப் பதக்கம் 1919 ஜூலையிலும், வெற்றிப் பதக்கம் 1919 செப்டம்பரிலும் நிறுவப்பட்டன. 1939-45 நட்சத்திரம் முதலில் 1939-43 நட்சத்திரம் என்ற பெயரில் 1943 ஜூலையில் ஆப்பிரிக்க நட்சத்திரத்தோடு அறிவிக்கப்பட்டது. பர்மா, பசிபிக், இத்தாலி நட்சத்திரங்கள் 1945 மே மாதத்திலும், போர்ப் பதக்கம் 1945 ஆகஸ்டிலும், இந்தியப் பணிப் பதக்கம் 1946 ஜூனிலும் நிறுவப்பட்டன.

இதன்படி மூன்று நாடாக்களுடன் காணப்படும் முதல் உலகப்போர் வீரரின் படத்தைப் ‘போருக்குப் புறப்படுமுன் எடுத்தது’ எனக் குடும்பத்தார் கூறினால் அது பொருந்தாது. அப்படம் 1919 செப்டம்பருக்குப் பிந்தியது. நாடா எதுவுமில்லாத புதுச்சீருடைப் படமே புறப்படுமுன் எடுத்ததாதல் கூடும்.

இறந்துபட்டோர் படங்களுக்கு இவ்விதி இன்னும் கூர்மையாகப் பொருந்தும். மதராஸ் சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. இத்தகைய ஒருவர் உயிரோடிருந்தபோது எடுத்த படத்தில் அவ்விருதின் அடர்நீல நாடாவோ, 1945இல் நிறுவப்பட்ட இத்தாலி நட்சத்திரத்தின் நாடாவோ இருத்தற்கில்லை. இருப்பின் அது பிற்காலத்தில் தீட்டிச் சேர்த்ததாகும். ஆக, ஒருவர்க்கு உரிய மிக உயர்ந்த விருது அவர் படத்தில் இல்லாமையே இயல்பாக அமையும் நிலையும் உண்டு.

விடுதலைக்குப் பிந்திய படங்களை வரிசை கொண்டே அறியலாம். 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைப் பதக்கத்தின் நாடா காவி, வெள்ளை, பச்சை என மூன்று சம பட்டைகள் கொண்டது. பரம் வீர் சக்ரா முதலிய வீரவிருதுகள் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு 1947 ஆகஸ்ட் 15 முதல் செயற்படுத்தப்பட்டன. இந்தியக் குடியரசின் வரிசை முறையில் பழைய பிரித்தானியப் பதக்கங்கள் இறுதிக்குச் சென்றன. ஒரே வீரரின் 1946ஆம் ஆண்டுப் படத்தில் முதலில் நின்ற 1939-45 நட்சத்திரம் பிற்காலப் படத்தில் கடையில் நிற்பதைக் காணலாம். ஆட்சி மாற்றம் மார்பின்மேல் இரண்டங்குல இடப்பெயர்ச்சியாகப் பதிவாகியுள்ளது.

விடுதலைப் பதக்க நாடாவும் 1914-15 நட்சத்திர நாடாவும் நடுவில் வெள்ளை கொண்டவை என்பதால் மயக்கம் நேரலாம். முன்னதில் பட்டைகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பின்னதில் நிறங்கள் கலந்து மங்கும். உடன் நிற்கும் நாடாக்களும் ஐயத்தைத் தீர்க்கும்.

7. வீரமும் பணியும்

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பணிப் பதக்கங்கள். குறித்த காலத்தில் குறித்த களத்தில் இருந்த அனைவர்க்கும் அவை உரியன. தனி வீரச்செயலுக்கான விருதுகள் வேறு. இந்தியர்க்கு வழங்கப்பட்ட அவற்றுள் 1837இல் தோன்றிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், 1907இல் நிறுவப்பட்ட இந்தியச் சிறப்புப் பணிப் பதக்கம் ஆகியன குறிப்பிடத்தக்கன. விக்டோரியா கிராஸ் 1911இல் இந்தியர்க்குத் திறந்துவிடப்பட்டது. இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் நாடாவில் நடுப்பகுதி அடர்நீலம், ஓரங்கள் செம்மை. இந்தியச் சிறப்புப் பணிப் பதக்க நாடாவில் நடுப்பகுதி செம்மை, ஓரங்கள் அடர்நீலம். ஒன்று மற்றொன்றின் மறுதலை. ஆர்த்தோகுரோமேட்டிக் படத்தில் முன்னதன் ஓரங்களும் பின்னதன் நடுவும் கருமையாகத் தோன்றும். ஃபிலிமின் வகையைப் பிழையாகக் கொண்டால் ஒரு விருது மற்றொன்றாகிவிடும். எனவே வீரவிருது என்னும் முடிவிற்கு அரசிதழ் அல்லது படைப்பிரிவு ஆவணத்தின் உறுதிப்பாடு இன்றியமையாதது.

பணிப் பதக்கங்களை வீரப் பதக்கங்கள் என எழுதுவதால் எவர்க்கும் பெருமை கூடிவிடுவதில்லை. மெசபடோமியாவிலோ அசாம் காடுகளிலோ ஆண்டுக்கணக்கில் நின்ற ஒருவரின் மெய்யான வாழ்க்கை, பொதுவான ஒரு புகழுரையால் மறைக்கப்படுவதே அதன் விளைவு.

8. நாடா சொல்லாதவை

நாடா அரசு வழங்கிய சான்று. அரசு ஏற்காத பணி அதில் இடம்பெறாது. சிங்கப்பூரில் சிறைப்பட்டு இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்த வீரரின் அப்பணிக்கும், மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் இணைந்த தமிழரின் பணிக்கும் பிரித்தானிய நாடா இல்லை. அவர்களுடைய பங்கு இந்திய அரசால் 1972இல் தொடங்கப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் முதலிய பிற வழிகளிலேயே ஏற்கப்பட்டது. நாடாவற்ற மார்பைக் கண்டு பணியற்றவர் எனக் கொள்ளுதல் கூடாது.

அனைத்திற்கும் மேலாக நாடா பெயரைச் சொல்லாது. சங்க இலக்கியம் நடுகல்லில் வீரனின் பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டதைக் காட்டுகிறது. பிற்கால நடுகற்கள் மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், இறந்த காரணம் ஆகியவற்றைத் தருகின்றன. முதல் உலகப்போருக்குப்பின் இந்திய ஊர்கள் பலவற்றில் நாட்டப்பெற்ற கற்பலகைகளோ அவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை பேர், உயிர்துறந்தோர் இத்தனை பேர் என எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. பஸ்ரா நினைவகத்தில் இந்தியப் படைவீரர்களுள் அதிகாரிகள் அல்லாதோர் எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டனர். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஆப்பிரிக்கா, இந்தியா முதலிய பகுதிகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும் ஏற்றுக்கொண்டது.

பெயர் வேறிடத்தில் உள்ளது. பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலும் வெற்றிப் பதக்கத்தின் விளிம்பிலும் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. இந்தியப் படையினர்க்கு வழங்கிய இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களிலும் இவ்வழக்கம் உண்டு. வெள்ளிப் பதக்கத்தை உருக்கியபோது எடைக்குரிய விலை கிடைத்தது; விளிம்பிலிருந்த எழுத்து அழிந்தது. பஞ்சாப் வீரர் ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றிய முதல் உலகப்போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து வெளிப்பட்டு 2021இல் இணையவழிப் பயன்பாட்டிற்கு வரத் தொடங்கின. அத்தகைய பதிவேடு கைக்கெட்டாத குடும்பங்களுக்குச் சுவரிலுள்ள படமே முதல் ஆவணம். அதில் முகமும் களமும் உள்ளன. பெயரைச் சொல்லும் வாய்மொழி அவ்வில்லத்தில் உள்ளது. இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும் காலம் சுருங்கிவருகிறது.

தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பழைய படத்தில் நாடாவை வண்ணத்தால் அடையாளங்காண முற்படுதல் பிழைக்கு வழிவகுக்கும். வெள்ளை, கருப்புக் கோடுகள், ஒத்த அல்லது ஒவ்வாத அமைப்பு, கோடுகளின் அகல விகிதம் ஆகியனவே முதற்சான்றுகள்.

2. நாடாக்களின் வரிசையும் சேர்க்கையும் விதிக்கு உட்பட்டவை. விதிக்கு மாறான சேர்க்கை காணப்படின் படிப்போ, படமோ, உரிமையோ ஐயத்திற்குரியது.

3. பதக்கம் நிறுவப்பட்ட நாள் படத்தின் காலத்திற்கு உறுதியான மேல் எல்லையைத் தருகிறது.

4. பெரும்பாலான நாடாக்கள் பணியைக் குறிப்பன. வீரவிருது என்னும் முடிவு எழுத்தாவணச் சான்று பெற்றே கூறத்தக்கது.

5. நாடா அரசின் மொழியில் எழுதப்பட்டது. பெயர், செயல், அரசு ஏற்காத பணி ஆகியவற்றிற்குப் பதக்க விளிம்பு, பணிச்சான்றிதழ், வாய்மொழி வழக்காறு ஆகியவற்றை நாடுதல் வேண்டும்.

கல்வெட்டைப் படியெடுப்பதுபோல இப்படங்களையும் மூலநிலையிலேயே நுண்ணிய அளவில் படியெடுத்து, படத்திலிருப்பவர் பெயரை வீட்டு முதியோரிடம் கேட்டுப் படத்துடன் எழுதிவைத்தல் களஆய்வு மேற்கொள்வோரின் உடனடிக் கடமையாகும்.